தர்மபுரிக்குள் ஒரு மறைவுலகம்: இளையோர் மாயநாவல் எழுதி அச்சேற்ற ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்துகொண்டு, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாயநாவல் எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் தினமும் நடக்கிற தெருவுக்குள்ளேயே இன்னொரு உலகம் ஒளிந்திருக்கிறது, பள்ளிக்கூடப் பெண்ணோ பையனோ தெரியாமல் அதற்குள் காலை வைத்துவிடுகிறார் என்று போகும் கதை வகை. ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாகக் கிடைக்கிறது. தமிழில் எழுத உட்காருபவர்கள் முதலில் கதையில் மாட்டுவார்கள். அதிலிருந்து தப்பித்தவர்கள் காகித வேலையில் மாட்டுவார்கள். எனக்கு அதிக நாள் போனது இரண்டாவதில். எதற்கு முன்னால் எதைச் செய்ய வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. கேட்ட இடமெல்லாம் வேறு வேறு விலை. அதனால் வரிசைப்படி எழுதுகிறேன். கதைப் பகுதி தெரிந்தவர்கள் நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

1. முதல் அத்தியாயத்துக்கு முன் விதித்தாள்

ஒரே ஒரு தாள். அதில் மூன்று கேள்விக்குப் பதில். அந்த உலகம் யாருக்குத் தெரியும்? மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்துகொண்டவர் எதை இழக்கிறார்?

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் எல்லாரும் சுலபமாக எழுதிவிடுவார்கள். நடுவில் இருக்கிறதே, அதில்தான் பாதி நாவல்கள் கவிழ்கின்றன. லண்டன், நியூயார்க் கதைகளில் மறைவுலகம் கூட்டத்துக்குள் ஒளிகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஓடும் ஊரில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்? அதே காரணத்தைத் தர்மபுரிக்குக் கொண்டுவந்தால் எட்டாம் வகுப்புப் பையன்கூட நம்ப மாட்டான். நான்கு ரோட்டில் ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக நின்றால், அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அம்மாவுக்குப் போன் வந்துவிடும். இங்கே கூட்டம் எதையும் மறைக்காது.

நம் ஊரில் விஷயங்கள் வேறு மாதிரி மறைகின்றன. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். வயல் நடுவே ஒரு நடுகல் நிற்கும். வேடியப்பன் என்பார்கள். டிராக்டர் ஓட்டுகிறவர் அதைச் சுற்றி வளைந்து உழுதுவிட்டுப் போவார். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான், தாத்தா காலத்திலிருந்து" என்பதோடு பேச்சு முடியும். உங்கள் மறைவுலகம் ஒளிந்திருக்க வேண்டிய இடம் அந்த 'அப்படித்தான்'. யாரும் கேட்காததால் மறைந்திருக்கும் உலகத்தில், கேள்வி கேட்கிற பிள்ளையால்தான் கதை தொடங்கும். பதினாறு வயதுக்குப் பொருத்தமான வேலையும் அதுதான்.

விலை பற்றி ஒன்று. மந்திரம் இலவசமாகக் கிடைத்தால் கதை மூன்றாம் அத்தியாயத்தில் செத்துவிடும். நம் மண்ணிலேயே ஆயத்தமான ஒரு விலை இருக்கிறது: தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி. புறநானூறு 91ஆம் பாட்டில் வருவது. உண்டவருக்கு நீண்ட ஆயுள், ஒரே கனி, தான் உண்ணாமல் கொடுத்துவிட்டான். இதை அப்படியே எடுத்து எழுதச் சொல்லவில்லை, ஏற்கெனவே பலர் எழுதித் தேய்த்தாயிற்று. ஒருவர் பெற்றால் இன்னொருவர் இழக்க வேண்டும் என்கிற அந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு: எதுவுமில்லை. காலம்: இரண்டு வாரம் கொடுங்கள். விதித்தாளை எழுதி முடிக்காமல் எழுத்துக்குள் போனால், இருபதாம் அத்தியாயத்தில் புதுச் சக்தி ஒன்றைக் கண்டுபிடித்து நாயகியைக் காப்பாற்ற வேண்டிவரும்.

2. இடத்தை நடந்து பாருங்கள், ஆனால் காட்டுக்குள் நுழையாதீர்கள்

வாசல் எங்கே என்பதைக் கூகுள் வரைபடத்தில் முடிவு செய்யாதீர்கள். போய் நின்று பாருங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் வாசலுக்குப் பஞ்சமே இல்லை.

சூளகிரி பக்கம் மல்லசந்திரத்தில் பாறை மேல் கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. பெரிய ஆள் நுழைய முடியாத அளவு. இந்த மாதிரிக் கட்டுமானங்களைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்வது வழக்கம். அந்தத் துளையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு கதவுக்காக வேறெங்கும் அலையத் தோன்றாது.

இன்னொன்று ரயில். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரை முன்பு ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது. உலகப்போர் நேரத்தில், 1941இல் நிறுத்தப்பட்டது. கிருஷ்ணகிரிக்குத் திருப்பத்தூரிலிருந்து வந்த பாதையும் போய்விட்டது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. ரயில் இல்லாத ஊரில் ராத்திரி ரயில் சத்தம் கேட்கிறது என்றால் மேற்கொண்டு நீங்கள் விளக்கவே வேண்டாம்.

தொப்பூர் கணவாய், ராயக்கோட்டை தக்காளி மண்டியின் விடியற்காலை, மாங்கூழ் ஆலை வாசனை அடிக்கும் கிருஷ்ணகிரியின் ஜூன் மாதம், கூத்துக்குப் படுகளப் பொம்மை கிடத்திய மைதானம். பட்டியலை நீங்களே நீட்டிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை: ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. தெற்கு 2022இல் அறிவிக்கப்பட்டது. "ராத்திரிக் காடு எப்படி இருக்கும்னு பார்த்துட்டு வரேன்" என்று பைக்கில் போய்விடாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யானைக்கு உங்கள் நாவல் பற்றித் தெரியாது. மாவட்ட வன அலுவலருக்கு நோக்கம், நாள், உடன் வருபவர் பெயர், அடையாள அட்டை நகல் வைத்து விண்ணப்பம் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் பகலில் பேருந்துச் சாலையிலிருந்து தெரிகிற காடே போதும்.

இன்னொரு எச்சரிக்கை, இது முக்கியம். யாருடைய குலதெய்வத்தையும் அதே பெயரில், அதே ஊரில் வைத்து அரக்கனாகவோ கோமாளியாகவோ ஆக்காதீர்கள். பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். கோயில் பூசாரியிடம் பேசும்போது கதைக்காகக் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலும் அவர்களே நாம் கற்பனை செய்ததைவிட நல்லதாக ஒன்றைத் தருவார்கள்.

3. நாயகி வீட்டை விட்டு எப்படி வெளியே வருவாள்?

சின்ன விஷயம்போல் தெரியும். ஆங்கில நாவல்களில் பதினாறு வயதுப் பெண் கார் ஓட்டுகிறாள், ஜன்னல் வழியே இறங்கிப் போகிறாள். பாலக்கோட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, நீட் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு மாயக் காட்சிக்கும் அவள் எந்தப் பேருந்தில் போனாள், என்ன பொய் சொன்னாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. அதனால் அவளிடம் காசில்லை என்பது தடையாகாது. கடைசி பஸ் போய்விட்டது என்பதுதான் தடை. அந்தத் தடையே பாதி அத்தியாயங்களை எழுதித் தரும்.

பேச்சு மொழியில் ஊரை விட்டுவிடாதீர்கள். ஓசூரில் பள்ளி முடிந்து வரும் பிள்ளை தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்கும். மறைவுலகத்தார் மட்டும் செந்தமிழில் முழங்கினால் நாடகம் மாதிரி இருக்கும்.

காதல் வரலாம். பாத்திரங்கள் பதினெட்டுக்குக் கீழ் என்பதால் உடல்சார்ந்த காட்சி வேண்டவே வேண்டாம். எந்தத் தளமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

4. தட்டச்சும் முதல் வாசகர்களும்

தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துக்கொடுக்கும் டிடிபி கடைகள் இன்னும் இருக்கின்றன. அச்சுக்கு அது ஓடிவிடும். மின்னூலாக மாற்றும்போது பக்கம் முழுக்கக் கட்டமும் கிறுக்கலும் வரும். மாற்றித் தருகிற மென்பொருள் உண்டு, ஆனால் ஒற்றும் கொம்பும் எங்கெங்கே விழுந்தன என்று வரிவரியாகத் தேட வேண்டியிருக்கும்.

நீளம் 35,000 முதல் 45,000 சொல். தமிழில் இது கணிசமான நாவல்.

முடித்ததும் 14 முதல் 17 வயதுள்ள நான்கைந்து பேரிடம் கொடுங்கள், பெற்றோரிடம் சொல்லிவிட்டு. அபிப்பிராயம் கேட்காதீர்கள், "நல்லாருக்கு அண்ணா" என்றுதான் வரும். படிக்கும்போது போனைக் கையில் எடுத்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டியதுதான்.

5. காகிதங்கள்: எந்த வரிசையில்?

பலர் அச்சகத்தில் ஆரம்பிக்கிறார்கள். தலைகீழ். தலைப்பை உறுதி செய்யாமல் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான தனி அடையாள எண்) கேட்க முடியாது. அது வராமல் நூல் விவரப் பக்கம் முடியாது. அது முடியாமல் அச்சுக் கோப்பு முடியாது. ஆகவே:

*முதலில் அட்டை ஓவியருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம்.* வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" போதாது. பதிப்புரிமைச் சட்டம், 1957 உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அச்சு, மின்னூல், விளம்பரம் மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பதிப்பகம் ஒன்று உங்கள் நாவலைக் கேட்டு ஒப்பந்தம் நீட்டினாலும் இதே இரண்டு வரியைத்தான் முதலில் தேட வேண்டும். அங்கே காலியிடம் உங்களுக்குச் சாதகம். "முழுக்காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், எல்லா வடிவத்துக்கும்" என்று இருந்தால் பேனாவை மூடிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

*அடுத்து ஐஎஸ்பிஎன்.* இந்தியாவில் இதைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம். இணையத்தில் விண்ணப்பம். கட்டணம் எதுவும் இல்லை, இதைக் கொட்டை எழுத்தில் வாசியுங்கள். "ஐஎஸ்பிஎன் வாங்கித் தர இவ்வளவு" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பெயரில் எண் வாங்கினால் பதிப்பாளராகப் பதிவாகிறவர் நீங்கள் அல்ல, அவர். எழுத்தாளரே பதிப்பாளராகவும் பதிவு செய்துகொள்ளலாம். தேவைப்படுபவை: அடையாளச் சான்று, முகவரி விவரம், நூலின் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், ஒரு விண்ணப்பக் கடிதம். ஸ்கேன் தெளிவாக, பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். ஆதாரில் ஓர் இனிஷியல், தலைப்புப் பக்கத்தில் புனைபெயர் என்றால், கடிதத்தில் இருவரும் ஒருவரே என்று எழுதிவிடுங்கள். ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் வேறு வேறு எண். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மட்டும் போடுவதென்றால் ஐஎஸ்பிஎன் தேவையே இல்லை. அமேசான் தன் எண்ணைத் தானே கொடுத்துவிடும்.

*பதிப்புரிமைப் பதிவு.* கட்டாயமில்லை. எழுதிய நொடியிலேயே உரிமை உங்களுக்கு. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். பதிவு என்பது வழக்கு வந்தால் கையில் ஒரு சான்று. படிவம் 14, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய், இணையத்தில் கட்டலாம். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) வந்த பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பு, அதன்பின் பரிசீலனை. சான்றிதழ் வரப் பல மாதம் ஆகும். அதற்காக அச்சை நிறுத்தி வைக்க வேண்டாம். தனக்குத்தானே தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் போதும் என்று சொல்வார்கள். அது பதிவுக்கு ஈடாகாது. இன்னொன்றும் புரிந்துகொள்ளுங்கள்: 'கல்திட்டைக்குள் ஓர் உலகம்' என்கிற யோசனைக்கோ தலைப்புக்கோ பதிப்புரிமை கிடையாது. நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான். அதனால் யோசனையைத் திருடிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் காட்டாமல் இருப்பதில் லாபமில்லை.

6. கிண்டிலா, அச்சா?

கிண்டிலில் தொடங்கினால் கைக்காசு போகாது. பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழ் என்றால் பெற்றோர் பெயரில் கணக்கு. பான் எண், வங்கிக் கணக்கு, வேர்டு கோப்பு, 2560க்கு 1600 பிக்சலில் அட்டை. இவ்வளவுதான். வரிப் படிவம் அமெரிக்காவுடையது என்று பயந்து பாதியில் விடுகிறவர்கள் உண்டு. வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைப் போடுங்கள். அமெரிக்காவில் விற்பதற்கு மட்டும், ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள். எண் கொடுக்காவிட்டால் 30.

ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்கிற, கிண்டிலுக்கு மட்டுமே நூலைத் தரும் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பொறி இங்கேதான். தொடராக ஏதோ ஒரு செயலியில் ஏற்கெனவே போட்ட நாவலை எடுக்காமல் இதில் சேர்த்தால் நூலை நீக்கிவிடுவார்கள், சில சமயம் கணக்கையும். பத்து சதவீதம் வரை மாதிரிக்கு விட்டுவைக்கலாம். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து வரும்.

அச்சு வேண்டுமென்றால், விலை கேட்கும் முன் நான்கு விவரத்தைத் தீர்மானியுங்கள்: அளவு (டெம்மி 1/8 போதும்), தாள் (70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ; ஜிஎஸ்எம் என்பது தாளின் எடைக் கணக்கு), ரேப்பர் என்கிற மேலட்டை (250 அல்லது 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு), பிரதி எண்ணிக்கை. இதே விவரத்தை மூன்று அச்சகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு பிரதிக்கு எவ்வளவு, லாரி வாடகை சேர்த்தா, எத்தனை நாளில் என்று பதிலும் எழுத்தில் வாங்குங்கள்.

பக்கக் கணக்கு: பக்கத்துக்கு 210 சொல் என்றால் 40,000 சொல் நாவல் 191 பக்கம். முன்பக்கங்கள், அத்தியாய இடைவெளி சேர்த்து 208. பதினாறு பக்கம் ஒரு பாரம், ஆக 13 பாரம். 209ஆவது பக்கத்தில் இரண்டு வரி விழுந்தால் பதினான்காவது பாரத்துக்கும் காசு. நன்றியுரையைச் சுருக்குங்கள்.

நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், ஐந்நூறுக்கு மேல் என்றால் ஆஃப்செட் லாபம். முதல் நாவலுக்கு ஐந்நூறு அடிக்கத் தூண்டுவார்கள், பிரதிவிலை குறையும் என்று. வீட்டில் கட்டில் அடியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 250 ரூபாய் விலை வைத்து, கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கையில் 150. அச்சுக்கு 90 ஆகியிருந்தால் மிச்சம் 60. ஓவியர், டிடிபி, புரூஃப் எல்லாம் இந்த அறுபதிலிருந்துதான். அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நூல் மட்டும் விற்கிறவர் அதற்காகப் பதிவு எண் வாங்க வேண்டியதில்லை.

மாதம்: சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால் நவம்பர், டிசம்பரில் எந்த அச்சகமும் புது ஆளைக் கண்டுகொள்ளாது. கோப்பை செப்டம்பரில் முடித்துவிடுங்கள். நம் பக்கம் தர்மபுரியிலும் ஓசூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் தனி அரங்கு எடுப்பது ஒற்றை நூல்காரருக்குக் கட்டாது. வருகிற கடைக்காரர் ஒருவரிடம் இருபது பிரதி கமிஷனுக்கு வையுங்கள். எத்தனை கொடுத்தீர்கள் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழா முடிந்த அன்றே கணக்கை முடியுங்கள், மறுவாரம் என்றால் மறுவருஷம்.

7. வெளிவந்த முப்பது நாளுக்குள்

சொந்தமாக வெளியிட்டவர் சட்டப்படி பதிப்பாளர். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 ரூபாய் வரை, கூடவே நூலின் விலை. தொகை சிறியதுதான் என்று விடாதீர்கள். பட்ஜெட் போடும்போதே நான்கு பிரதியைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

அனுப்ப மலிவான வழி தபால் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. மேலே சொன்ன 208 பக்க நாவல் உறையோடு 300 கிராமுக்குள் அடங்கும். தரைவழியில் போவதால் நாள் ஆகும்; அவசரம் என்றால் ஸ்பீட் போஸ்ட். நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது. அச்சுச் செலவுக்கு உதவிய நண்பரின் பேக்கரி விளம்பரத்தைக் கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டு கவுன்டரில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். அவருக்கு நன்றியுரையில் ஒரு வரி கொடுங்கள், அதுவும் 208ஆம் பக்கத்துக்குள்.